திரும்பி வந்தவர்கள் பேச ஓர் இடம்: பிறந்த கதை

மலாக்காவின் தெங்கேராவிலிருந்து கடலோரமாக வடக்கே போகும் சாலை லிம்போங்கான், கிளேபாங், தஞ்சோங் கிளிங் எல்லாம் தாண்டி சுங்கை ஊடாங்கில் டெரண்டாக் முகாமைத் தொடும். இன்று அது மலேசியத் தரைப்படையின் இடம். 10ஆவது பாராசூட் பிரிகேட்டின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 1950களின் இறுதியில் அதை எழுப்பியது வேறு ஆட்களுக்காக. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்கள் அடங்கிய 28ஆவது காமன்வெல்த் பிரிகேட்டும் அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகளும் அங்கே குடியிருந்தார்கள். பழைய ஆட்கள் வாயில் அது வெறும் ‘கேம்ப்’.

அந்தக் கேம்புக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. வியட்நாமில் செத்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் சிலரை அங்கே அடக்கம் செய்தார்கள். வெளிநாட்டுப் போரில் இறந்தவனை அரசுச் செலவில் ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம் 1966 ஜனவரி வரை ஆஸ்திரேலியாவில் இல்லை. குடும்பம் கேட்டால் 500 பவுண்டு கட்ட வேண்டும். கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளை மலேசிய மண்ணில் தங்கினான். 2016 ஜூன் மாதம்தான் ஆஸ்திரேலியா அவர்களை எடுத்துப் போனது: டெரண்டாக்கிலிருந்து 32 பேர், சிங்கப்பூர் கிராஞ்சியிலிருந்து ஒருவர். சிப்பாய்களின் குடும்பத்தாரும் அந்தக் கணக்கில் உண்டு. இரண்டு வருடம் கழித்து நியூசிலாந்தும் தன் ஆட்களைத் தோண்டி எடுத்துச் சென்றது.

செத்தவர்களை வீடு சேர்க்கவே அரை நூற்றாண்டு. உயிரோடு திரும்பியவர்களை வீடு சேர்க்க எவ்வளவு காலம் ஆனது என்பதுதான் நான் சொல்ல வந்த கதை. அதற்கும் டெரண்டாக்கில் ஒரு நூல் முனை இருக்கிறது. 1967 மே மாதம் நியூசிலாந்தின் ‘வி’ கம்பெனி வியட்நாமுக்குக் கிளம்பியது இந்த முகாமிலிருந்துதான். பின்னால் மற்றக் கம்பெனிகளும் அதே நியூசிலாந்துப் பட்டாளத்திலிருந்தே போயின. முகாமில் மருத்துவமனை இருந்தது. குண்டு துளைத்த காலுக்கு அங்கே மருந்து இருந்தது. திரும்பி வந்து மூன்று மாதம் ஆனபிறகு நடுராத்திரியில் அலறிக்கொண்டு எழுபவனுக்கு என்ன செய்வது என்று அன்றைக்கு எந்த நாட்டுப் பட்டாளத்திடமும் சொல்லும்படியான பதில் இல்லை.

நோய் புதிது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், ஊரை விட்டுப் பிரிந்தவர்கள் ஏங்கி நலிந்து போவதை நோயாகவே எழுதி வைத்தார். பின்னால் அது கூலிப்படைச் சிப்பாய்களின் நோய் என்றே பெயரெடுத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடக்கும் நெஞ்சோடு வந்த சிப்பாய்களைப் பற்றி டா கோஸ்டா 1871இல் எழுதினார். முதல் உலகப் போரில் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை 1915இல் மருத்துவ இதழில் ஏற்றியவர் சார்ல்ஸ் மையர்ஸ். அவர் அதற்கு முன்பு நம் சரவாக்கில் வந்து தங்கி, அங்குள்ள மக்களை ஆராய்ந்தவர். அவருடைய கூட்டாளி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் நீலகிரிக்குப் போய்த் தோடர்களைப் பற்றி 1906இல் பெரிய நூலே எழுதினார். போர் வந்ததும் அதே ரிவர்ஸ் ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் உடைந்துபோன அதிகாரிகளை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார். நடந்ததை மறந்துவிடு என்று எல்லோரும் புத்தி சொன்ன காலத்தில், நடந்ததைச் சொல்லு என்றார். கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் அவரிடம் வந்தவர்.

ஆனால் கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கு மட்டும். சாதாரணச் சிப்பாய்க்கு அந்த நாற்காலி கிடையாது. கோழை என்றும் ஓடிப்போனவன் என்றும் சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்புக் கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் நம் வாசலுக்கே வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வெட்டுத் தொழிலாளிகள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் கையில் ஒன்றுமில்லாமல் தோட்டத்துக்கே திரும்பினார்கள். விடியற்காலைப் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து மறுபடி உளி பிடித்தார்கள். அவர்களில் யாருக்கு என்ன கனவு வந்தது என்று எந்த டிரஸரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. தோட்டத்தில் இருந்தவை கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், வாய்மூடி இருத்தல் ஆகிய மூன்றுதான். புத்தி பேதலித்தவர்களுக்கு தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் திறந்த அந்த மருத்துவமனையின் பெயரையே நாம் இன்றுவரை வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம்.

கதை திரும்பிய இடம் நியூயார்க்.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதிலிருந்து திரும்பிய சிலர் போரை எதிர்த்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் அலுவலகத்தில் தங்களுக்குள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பேசப்பேச ஒன்று தெரிந்தது: தூக்கம் போனது எனக்கு மட்டும் இல்லை, திடீரென்று யாராவது பின்னால் வந்தால் கை ஓங்குவது எனக்கு மட்டும் இல்லை. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் பாரி 1970 கடைசியில் ராபர்ட் ஜே லிஃப்டனுக்கு எழுதினார். லிஃப்டன் மனநல மருத்துவர். ஹிரோஷிமாவில் பிழைத்தவர்களிடம் மாதக்கணக்கில் பேசி நூல் எழுதியவர். அவர் தன் நண்பர் ஹைம் ஷாட்டனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த டிசம்பரில் வாராந்தரக் கூட்டம் தொடங்கியது.

யார் யாரிடம் போனார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். டாக்டர்கள்தான் சிப்பாய்களின் இடத்துக்கு வந்தார்கள். அரசு மருத்துவமனைக்குப் போக அந்த இளைஞர்கள் தயாராக இல்லை. தங்களைப் போருக்கு அனுப்பிய அரசாங்கத்தின் கட்டடத்தில் போய் மனசைத் திறக்க அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. அதனால் சந்திப்பு அவர்கள் அலுவலகத்தில், அவர்கள் வைத்த நிபந்தனையில். டாக்டரும் கட்டணம் வாங்காமல் வட்டத்தில் ஒருவராக உட்கார வேண்டும். நீ ஏன் இங்கே வந்தாய், உனக்கு இந்தப் போரில் என்ன பங்கு என்று அவரையும் கேட்பார்கள். இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்த கூட்டம் மூன்று, நான்கு மணி நேரம் இழுக்கும். ‘ராப் குரூப்’ என்று பெயர். பேச்சு வட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். லிஃப்டன் அந்த அனுபவத்தை 1973இல் புத்தகமாக்கினார். அங்கே வேலை செய்தவை மூன்று என்று அவர் கணித்தார்: ஒரே பாடு பட்டவர்கள் ஒன்றாக இருப்பது, எதிரில் இருப்பவன் முழு மனதோடு அங்கே இருப்பது, எதைப் பேசுவது என்பதை அவர்களே தீர்மானிப்பது. இன்றைக்கு உலகம் முழுக்க எத்தனையோ கோடி செலவில் நடக்கும் திட்டங்களில் உருப்படியானவற்றைப் பிரித்துப் பார்த்தால் இந்த மூன்றுதான் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

அதற்குச் சற்று முன்பு பாஸ்டனில் வேறொரு சம்பவம். 1969 செப்டம்பர். சாரா ஹேலி என்ற சமூகப் பணியாளருக்கு முன்னாள் படையினர் மருத்துவமனையில் முதல் நாள் வேலை. முதலில் வந்த நோயாளி, தன் கம்பெனி மைலாய் என்ற கிராமத்தில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகச் சொன்னான். தான் சுடவில்லை என்றும், வெளியே சொன்னால் கொன்றுவிடுவோம் என்று சகாக்கள் மிரட்டினார்கள் என்றும் சொன்னான். பயந்து நடுங்கினான். அன்று கூடிய மருத்துவர் குழு இது மனச்சிதைவு, சந்தேக நோய் என்று தீர்மானித்தது. அவன் சொல்வது உண்மையாக இருந்தால் என்று கேட்டவர் ஹேலி ஒருவர்தான். அவருடைய அப்பா உலகப் போரில் உளவுப் பணி செய்தவர். போரில் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை மகள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் மைலாய் படுகொலை உலகத்துக்கே தெரிந்துபோனது.

நம்பிக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஹேலி 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். கொடுமை செய்தவன் வந்து சொல்லும்போது சிகிச்சை தருபவர் முகம் சுளிக்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்பதே அதன் பேச்சு. போர்க்காயம் என்றால் பட்டவன் காயம் மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். செய்தவனுக்கும் காயம் உண்டு, அதுதான் சீக்கிரம் ஆறாது. இதைச் சொன்னால் கொலைக்கு வக்காலத்தா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கட்டும். ராத்திரி மூன்று மணிக்கு அவன் பெண்டாட்டி கழுத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வேண்டும்.

1971 ஏப்ரலின் கடைசியில் டெட்ராய்ட்டில் டுவைட் ஜான்சன் என்ற இளைஞன் கடைக் கொள்ளை முயற்சியில் சுடப்பட்டுச் செத்தான். அமெரிக்காவின் ஆக உயர்ந்த வீரப் பதக்கத்தைக் கழுத்தில் வாங்கிய கறுப்பினச் சிப்பாய் அவன். இந்தச் சாவு ஷாட்டனை உலுக்கியது. 1972 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் ‘வியட்நாமுக்குப் பிந்திய நோய்’ பற்றி எழுதினார். குற்ற உணர்ச்சி, மரத்துப்போதல், யாரையும் நம்பாமை, அன்பு வைக்க முடியாமை என்று அடையாளங்களைச் சொன்னார்.

அறிகுறிகள் இருந்தன, பெயர் இல்லை. 1952இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் வெளியிட்ட முதல் நோய்க் கையேட்டில் போர் அதிர்ச்சிக்கு ஓர் இடம் இருந்தது. 1968இல் வந்த இரண்டாம் பதிப்பில், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருடத்தில், அதை எடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் இல்லாத நோய்க்கு நஷ்டஈடு கிடையாது, நீதிமன்றத்தில் மதிப்பு கிடையாது. ஷாட்டன், லிஃப்டன், ஹேலி, முன்னாள் சிப்பாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குழுவாக நூற்றுக்கணக்கான பேரின் விவரங்களைத் திரட்டிக்கொண்டு போய் நின்றார்கள். 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய், ஏறியது. வாழ்க்கையில் ஒருவரை முறித்துப்போடும் எந்தப் பேரதிர்ச்சிக்கும் அந்தப் பெயர் பொருந்தும்படி எழுதினார்கள். இன்று சுனாமியில் தப்பியவருக்கும், யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்கு நடுவே வளர்ந்தவருக்கும் அந்தச் சொல் பயன்படுகிறது என்றால் அது அந்த நியூயார்க் பேச்சு வட்டத்திலிருந்து வந்தது.

நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கு முன்பே இடம் கிடைத்துவிட்டது. 1979 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்போது முன்னாள் படையினர் துறையின் தலைவர் மேக்ஸ் கிளீலண்ட், வியட்நாமில் இரண்டு கால்களையும் வலது கையையும் இழந்தவர். அந்தச் சட்டப்படி நாடு முழுக்க முன்னாள் சிப்பாய்களுக்கு ‘வெட் சென்டர்’கள் திறந்தார்கள். மருத்துவமனை வளாகத்துக்குள் வைக்காமல் சந்தைத் தெருவில், கடை வரிசையில் வாடகைக்கு எடுத்தார்கள். உள்ளே இருக்கும் ஊழியர்களில் பலர் தாங்களே போருக்குப் போய் வந்தவர்கள். இந்தக் கடைத்தெரு யோசனைதான் முழு விஷயத்தின் உயிர். ராணுவ வாசலில் காவலாளியிடம் அடையாள அட்டையைக் காட்டி, மனநலப் பிரிவு எந்தப் பக்கம் என்று கேட்பவன் எத்தனை பேர்? மெக்கானிக் கடைக்குப் பக்கத்துக் கதவு என்றால் யாரும் பார்க்காமல் நுழைந்துவிடலாம்.

ஆஸ்திரேலிய வியட்நாம் சிப்பாய்கள் அரசாங்கத்தை உலுக்கி இதேபோன்ற ஆலோசனைச் சேவையை 1982இல் பெற்றார்கள். அது பிறகு மனைவி மக்களுக்கும் கதவைத் திறந்தது; 2018 முதல் ‘ஓபன் ஆர்ம்ஸ்’ என்று பெயர். நியூசிலாந்து இன்னும் தாமதம். வியட்நாம் போனவர்களிடம் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டது 2008 மே மாதம். 1967இல் டெரண்டாக்கிலிருந்து கிளம்பிய பையனுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

அடுத்த திருப்பம் நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது அமைதிப்படைக்காரர்களுடையது. ருவாண்டாவில் 1994இல் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய கனடிய ஜெனரல் ரோமியோ டல்லேர், கண் முன்னால் நடந்த இனப்படுகொலையைத் தடுக்க அதிகாரம் இல்லாமல் நின்றவர். 2000ஆம் ஆண்டில் குடிபோதையும் மாத்திரையுமாக ஒரு பூங்கா பெஞ்சுக்கடியில் கிடந்தார். அவர் அதை மறைக்காமல் சொன்னார். ஜெனரலே சொல்லிவிட்டால் லான்ஸ் கார்ப்பரலுக்கு வெட்கம் எதற்கு? ருவாண்டாவில் இருந்த இன்னொரு கனடிய அதிகாரி ஸ்டெஃபான் கிரெனியே, 2001இல் சிப்பாய்க்குச் சிப்பாயே துணை என்ற திட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய கனடியப் படையை நேராக வீட்டுக்கு அனுப்பாமல் குவாம் தீவில் சில நாள் நிறுத்தி ஆசுவாசப்படுத்தினார்கள். பிரிட்டிஷ்காரர்களும் பின்னால் சைப்ரஸில் அப்படிச் செய்தார்கள். பழைய காலத்தில் கப்பல் பயணம் வாரக்கணக்கில் செய்துகொடுத்த வேலையை விமானம் பறித்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்த இடைத்தங்கல்.

இதில் ஒரு தவறான பாதையும் உண்டு. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் ஒரு தடவை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை 1980களில் பெரிய நாகரிகமாகப் பரவியது. அதனால் பி.டி.எஸ்.டி. தடுக்கப்படவில்லை என்று 2000களின் தொடக்கத்தில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சிலருக்குக் கெடுதலாகவும் இருந்திருக்கிறது. பேச வைப்பது வேறு, பேச இடம் வைத்திருப்பது வேறு. நியூயார்க் வட்டத்துக்கு யாரும் யாரையும் இழுத்து வரவில்லை.

மலேசியச் சிப்பாய்கள் போகாத இடமா? 1960இல் காங்கோ. 1992இல் கம்போடியா. 1993இல் சோமாலியா: மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்கர்களை மீட்க அக்டோபர் 3ஆம் தேதி இரவு கவச வண்டியோடு போனவர்கள் நம் ஆட்கள். அவர்களில் மாட் அஸ்னான் அவாங் என்பவர் உயிரைக் கொடுத்தார். அந்த இரவைப் பற்றிய ஹாலிவுட் படம் நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்ற கோபம் நமக்கு இருபது வருடம் இருந்தது. 2023இல் சொந்தப் படம் எடுத்து அதைத் தீர்த்துக்கொண்டோம். அந்த வண்டிகளில் இருந்து இறங்கி வந்தவர்கள் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று கேட்ட கோபம் அவ்வளவாக இல்லை. போஸ்னியாவில் சண்டை நடக்கும்போதே நம் சிப்பாய்கள் போய் நின்றார்கள். 2007 முதல் லெபனானில் ஒரு பட்டாளம் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் சைடா அருகே நடந்த தாக்குதலில் அவர்களில் சிலர் காயப்பட்டார்கள்.

முன்னாள் படையினருக்கு இங்கே சட்டம் உண்டு, 2012இல் இயற்றியது. துறை உண்டு. டெரண்டாக் கேம்புக்குள்ளேயே 94ஆவது ஆயுதப்படை மருத்துவமனை உண்டு. சாதாரணச் சிப்பாய் 21 வருடம் சேவை முடித்தால்தான் பென்ஷன். முன்கூட்டியே இறங்கியவர்கள் பலர் ஃபாக்டரி வாசலிலோ அடுக்குமாடியிலோ ஜாகா வேலை பார்க்கிறார்கள். ராத்திரி ஷிஃப்ட்தான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினால் காசுக்காக மட்டும் என்று எண்ணாதீர்கள். படுத்தாலும் தூக்கம் வராதவருக்கு அது தோதான வேலை.

ஆர்மியில் தமிழர்கள் அதிகம் இல்லை என்பது உண்மை. அதனாலேயே இருப்பவர் தனியாள். மலாய் சகா ஓய்வுக்குப் பிறகு சூராவில் பழைய ஆட்களைச் சந்தித்துக்கொள்வார். மலாக்காவில் ஒரு தாமானில் வீடு வாங்கி உட்கார்ந்த தமிழ் சார்ஜெண்டுக்கு அதே பாட்டைப் பட்ட இன்னொரு தமிழ் ஆள் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம். லிஃப்டன் சொன்ன முதல் சங்கதியே அங்கே அடிபடுகிறது. வீட்டில் அவர் சத்தம் போட்டால் ‘ஆர்மிப் புத்தி’ என்கிறோம். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ‘எப்பவும் முசுடு’ என்கிறோம்.

லெபனான் பணி 2026 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிய வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டில் தீர்மானித்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே இருப்பவர்கள் வீடு திரும்புவார்கள். சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் இதை யோசிக்கட்டும். பெரிய கட்டடம் வேண்டாம், மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு மண்டபத்தைத் திறந்துவிட்டு, கோப்பி வைத்து, பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள விட்டால் போதும். முதலில் நான்கு பேர்தான் வருவார்கள், வரட்டும். டாக்டரை அவர்களே கேட்கும்போது கூப்பிடலாம். வீட்டில் யாராவது இப்போதே தத்தளித்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை எடுப்பார்கள். அப்பாவுக்காக மகளும் கூப்பிடலாம்.